வற்புறுத்தலின் பேரில்

முகாம், ஹனோவர்
9 பெப்ரவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் ஈரத் துணிக் கூடையை இன்னும் நீங்களே தூக்குகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அதற்கென்று வண்டி இருக்கிறது, வெட்கப்படாமல் கேளுங்கள்.

"ரெலிபோனில கதைச்சால் நீ ஜேர்மனுக்குப் பாஞ்சிடுவாய், மாதம் ஒரு கடிதம் தமிழில எழுது" என்று நான் இராணுவத்தில் சேர்ந்த அன்று நிபந்தனை போட்டீர்கள். ஆறு வருடமாக மழையையும் சாப்பாட்டையும் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ஒரு விஷயம் இருக்கிறது.

நட்பு நாடுகள் தொடங்கிவிட்ட அந்த யுத்தத்துக்கு நாங்களும் படை அனுப்புவதா என்று ஏப்ரலில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. அனுப்புவது என்று முடிந்தால் எங்கள் மருத்துவக் குழு முதல் ஆளாகப் போகும். நாங்கள் போகமாட்டோம் என்று சொல்லவில்லை. சத்தியம் செய்திருக்கிறோம், அனுப்பினால் போவோம். ஆனால் அனுப்புவதற்கு முன் "எதிர்த்து வாக்களியுங்கள்" என்று எம்.பி.க்குக் கடிதம் எழுதலாம். கூட்டாகக் கையெழுத்து வைத்து அனுப்பினால் சிக்கல், ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியாக, தன் சொந்த வசனத்தில், தன் பெயரும் பதவியும் போட்டு எழுதுகிறோம். இந்த முகாமில் மட்டும் இருபத்து மூன்று பேர். என் பதிவு விலாசம் உங்கள் வீடுதான், அதனால் என் கடிதம் கொலோன் எம்.பி.க்குப் போயிருக்கிறது. நான்கு பக்கம் எழுதினேன்.

கத்ரினும் எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன். எங்கள் குழுத் தலைவி, நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்து நண்டுக்கறி சாப்பிட்டுக் கண்ணீர் விட்டாளே, அவள்தான். அவளிடம் ஆலோசனை கேட்கப் போனேன். "நான் உனக்கு மேலதிகாரி. எழுது என்றும் சொல்லமாட்டேன், எழுதாதே என்றும் சொல்லமாட்டேன். உன் கடிதத்தை எனக்குக் காட்டவும் வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவ்வளவு நேர்மை.

பயப்படாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்
மெலனி


கொலோன்
14 பெப்ரவரி

என் பிள்ளை மெலனிக்கு,

மடு மாதா உன்னைக் காப்பாற்றட்டும். அவள்தான் இனிக் காப்பாற்ற வேண்டும், உனக்குத்தான் மூளை இல்லையே. என் முழங்காலைப் பற்றி விசாரிக்கிறாயோ? உன் கடிதத்தை வாசித்தபிறகு எனக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

உனக்கென்ன விசரா? ஆமியில் இருந்துகொண்டு அரசாங்கத்துக்கு எதிராகப் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்தாயா? அதுவும் என் வீட்டு விலாசம்! 

உன் மாமா லோறன்ஸ் காணாமல் போனவர் என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எப்படிப் போனார் என்று சொன்னதில்லை. இப்போது கேள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் கடலுக்குப் போகத் தடை. சனம் பட்டினி. "தடையை எடுங்கோ" என்று ஆமி முகாம் பெரியவனுக்கு ஒரு மனு எழுதினோம். அறுபத்து நான்கு பெயர், அறுபத்து நான்கு விலாசம். எழுத்து அழகு என்று என்னைக் கொண்டுதான் எழுதுவித்தார்கள். பத்தொன்பது வயது எனக்கு, பெருமை தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் கோயில் வளவுக்கு எல்லோரையும் வரச்சொல்லி, அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பெயர் கூப்பிட்டான்கள். பதினோராவது லோறன்ஸ். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் என் அண்ணனைக் கூப்பிட்டான்கள். அவர் திரும்பி வரவில்லை.

உடனே அந்த எம்.பி.க்கு எழுதி உன் கடிதத்தைத் திருப்பி வாங்கு. தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல். உன் அப்பா இருந்திருந்தால் முகாமுக்கே வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

நான் மொழிச் சோதனையில் நாலாந்தரம் எழுதித்தான் பாஸாகி, பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து, மே ஆறாம் திகதி பத்திரம் வாங்க வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் காத்திருந்து கிடைத்தது. அதிலும் மண் விழப் போகிறதோ தெரியாது.

பதில் உடனே போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா
டொறத்தி


முகாம்
2 மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

மாமாவின் கதையை மூன்று தரம் வாசித்தேன். இவ்வளவு காலம் இதை நீங்கள் தனியே வைத்திருந்தீர்கள் என்பது எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அம்மா, இது மன்னார் இல்லை. இங்கே மனு எழுதினால் ஒருவரும் கோயில் வளவுக்குக் கூப்பிடமாட்டார்கள். மிஞ்சிப் போனால் குப்பையில் போடுவார்கள்.

திருப்பி வாங்கமாட்டேன்.

பத்து வயதிலிருந்து உங்கள் கடிதமெல்லாம் நான்தான் எழுதினேன். வீட்டு வசதி அலுவலகம், மின்சாரக் கொம்பனி, அப்பாவின் ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும். உங்கள் பெயரில் கையெழுத்தும் நானே வைத்தேன். என் பள்ளிக்கூட அறிக்கைகளுக்குக்கூட "நீயே போடு பிள்ளை" என்று பேனையைத் தந்தீர்கள். என் சொந்த விஷயத்துக்காக, என் சொந்தப் பெயரில் நான் எழுதிய முதல் கடிதம் இது. அதை விட்டுத்தர எனக்கு மனமில்லை.

மே ஆறாம் திகதிக்கு வாழ்த்துகள். விடுப்புக் கிடைத்தால் பக்கத்தில் வந்து நிற்பேன்.

உங்கள்
மெலனி


கொலோன்
20 மார்ச்

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகம். பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே.

இங்கே இரண்டு நாளாக நல்ல வெயில். நேற்று சூசையப்பர் திருநாள், தமிழ்ப் பூசைக்குப் போனேன். சனம் குறைவு. சலவை அறையில் புது மெஷின் வந்திருக்கிறது, சத்தமே இல்லை. உனக்குப் பருத்தித்துறை வடை சுட்டு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் ஊறாமல் இருக்க இரண்டு தாள் சுற்றினேன்.

இராசலிங்கம் அண்ணை சும்மா ஒருக்கால் தேத்தண்ணி குடிக்க வந்துவிட்டுப் போனார். உனக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் அகதிக் கேஸ் எழுதித் தந்தவர். உன்னை விசாரித்தார்.

நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. எல்லாம் சரிவரும். சண்டை பிடிக்காமல் வேலையைப் பார்.

முத்தங்களுடன்
அம்மா


முகாம்
11 ஏப்ரல்

அம்மா,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நாலு நாளாக எடுக்கிறேன், நீங்கள் ரெலிபோனைத் தூக்குகிறீர்கள் இல்லை.

கத்ரினைப் பதவியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒழுக்காற்று விசாரணை. தனக்குக் கீழே இருப்பவர்களை அரசியல் கடிதம் எழுதும்படி வற்புறுத்தினாளாம். மேலதிகாரி அப்படிச் செய்வது பெரிய குற்றம். யார் சொன்னது என்று கேட்டேன். "நீதான்" என்றார்கள்.

மார்ச் பதினேழாம் திகதியிட்ட ஒரு கடிதத்தின் பிரதியை மேசையில் வைத்தார்கள். எம்.பி.யின் அலுவலகம் அனுப்பி வைத்ததாம். "முந்தைய கடிதத்தை நான் என் மேலதிகாரி கத்ரின் அவர்களின் வற்புறுத்தலின் பேரில், விளைவு தெரியாமல் எழுதினேன். அதை இத்தால் மீளப் பெறுகிறேன்." கீழே என் பெயர். என் பதவி. என் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து.

தலைசுற்றுகிறது, அவகாசம் வேண்டும் என்றேன். இருபத்தொன்பதாம் திகதி விசாரணையில் பதில் சொல்ல வேண்டும்.

நடைபாதையில் கத்ரின் எதிரே வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

அம்மா, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அது என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஓமா, இல்லையா என்று எழுதுங்கள்.

மெலனி


கொலோன்
19 ஏப்ரல்

என் செல்லத்துக்கு,

ஓம்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டு.

நீ திருப்பி வாங்கமாட்டேன் என்று எழுதியபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கோயில் வளவில் உன் பெயரைக் கூப்பிடுகிறான்கள். இராசலிங்கம் அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் சும்மா வரவில்லை, நான்தான் அழைத்தேன். "பிள்ளை பிழையா எழுதிப்போட்டுது அண்ணை, நல்ல ஜேர்மனில ஒரு மன்னிப்பு எழுதித் தாங்கோ" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். "தானா விரும்பிச் செய்தன் எண்டு விட்டால் கேஸ் தோத்திடும் தங்கச்சி. வற்புறுத்தலின் பேரில் எண்டு போட வேணும். ஆர் வற்புறுத்தினது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை" என்றேன்.

"அப்பிடி எழுத ஏலாது. பேர் வேணும். பேர் இல்லாட்டி நம்பமாட்டாங்கள். உங்கட கேஸும் அப்பிடித்தானே வெண்டது."

உண்மைதான். "இயக்கத்தின் வற்புறுத்தலின் பேரில் சமைத்துக் கொடுத்தேன்" என்று என் கேஸில் எழுதினார். என்னை ஒருத்தரும் வற்புறுத்தவில்லை. பசியோடு வந்த பிள்ளைகளுக்கு நானாகத்தான் சமைத்தேன். ஆனால் அந்த வசனத்தால்தான் எனக்கு விசா கிடைத்தது. அவர் எழுதிய எல்லாக் கேஸிலும் அந்த வசனம் இருக்கும். அது இல்லாமல் அவருக்கு எழுதவே வராது.

உன் முகாமில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் கத்ரின். வேறு ஒரு பெயர் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். உன் கையெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் பெயரில் நீ எத்தனை தரம் போட்டாய், உன் பெயரில் நான் ஒருதரம் போட்டால் என்ன என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

நானே சொல்கிறேன் மகள். ஆனால் மே ஆறு கழியட்டும். கள்ளக் கையெழுத்து என்று பொலிஸில் ஒரு கேஸ் விழுந்தால் பிரஜாவுரிமையை அப்படியே நிறுத்திவிடுவார்களாம், அண்ணை சொல்கிறார். பதினேழு நாள்தான். அவர்களிடம் ஏதாவது சாட்டுச் சொல்லி விசாரணையைத் தள்ளி வை.

தண்ணீர் நிறையக் குடி. தலைசுற்று என்றாயே.

அம்மா


முகாம்
24 ஏப்ரல்

அம்மாவுக்கு,

தலைசுற்று இப்போது இல்லை.

வாக்கெடுப்பு நேற்று முடிந்தது. நாங்கள் போகிறோம். நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள், ஆனால் அந்த எம்.பி. பேசியதைக் கேட்டீர்களோ தெரியாது. பெயர் சொல்லவில்லை. "அகதிக் குடும்பத்தில் பிறந்த ஒரு இளம் வீராங்கனையையே மிரட்டி எழுதுவித்திருக்கிறார்கள், இந்தக் கடிதங்களின் லட்சணம் இதுதான்" என்று தாளைத் தூக்கிக் காட்டினார். சபை கைதட்டியது. எங்கள் இருபத்து மூன்று கடிதங்களையும் அதோடு மடித்து வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு அறையில் என் மேசையில் இப்போது ஒருவரும் இருப்பதில்லை.

விசாரணையைத் தள்ளி வைக்க முடியாது. கத்ரினுக்குப் பதினைந்து வருட வேலை. நான் உண்மையைச் சொன்னால் உங்களைக் காட்டிக் கொடுக்கிறேன், சொல்லாவிட்டால் அவளை. இந்த இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது நீங்கள். ஆகவே நீங்களே வந்து சொல்லுங்கள். தாய் பயத்தில் செய்தது என்று தாயே வந்து சொன்னால் மனமிரங்குவார்கள் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். டெர்மின் தள்ளிப் போகலாம். போனால் போகட்டும் அம்மா, திரும்ப விண்ணப்பிக்கலாம், நான் எழுதித் தருவேன்.

இருபத்தெட்டாம் திகதி பத்து மணி ரயிலுக்கு டிக்கெட் அனுப்பியிருக்கிறேன். ஹனோவர் ஸ்டேஷனில் நிற்பேன். ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும்.

காத்திருக்கும்
மெலனி


கொலோன்
3 மே

அன்பு மகளுக்கு,

நான் வெளிக்கிட்டேன். நம்பு. நீலச் சேலை கட்டி, வழிக்குச் சாப்பாடு கட்டி, ஒன்பது மணிக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். ரயில் வந்தது. கதவு திறந்தது. நாலு படி. என் முழங்கால் ஏறவில்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அது பொய். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பயம் பிள்ளை. சீருடை போட்டவன் முன்னால் போய் நின்று இதை எழுதினது நான்தான் என்று சொல்ல எனக்குப் பயம். கதவு சாத்தி ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்து வாங்கிலே குந்தியிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டேன். எனக்கே என்னை அருவருப்பாக இருந்தது.

நீ ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் நின்றாய்?

விசாரணையில் என்ன சொன்னாய்? பொலிஸ் வரவில்லை, கடிதமும் வரவில்லை. மணி அடித்தால் கதவு ஓட்டையால் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். இரண்டு சொல் எழுது. ஆறாம் திகதிக்குப் பிறகு எங்கே வரச் சொன்னாலும் வருவேன்.

உன் பாவி அம்மா


முகாம்
12 மே

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள். ஆறாம் திகதி நல்லபடி முடிந்திருக்கும், வாழ்த்துகள்.

மூன்று ரயில் வரும்வரை நின்றேன்.

விசாரணையில் "இந்தக் கடிதம் உன்னுடையதா?" என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன். கத்ரின் வற்புறுத்தவில்லை, அந்த வரி மட்டும் பொய், பயத்தில் எழுதினேன் என்றும் சொன்னேன். "எல்லாம் உன் வசனம், இது மட்டும் எப்படிப் பொய்?" என்று கேட்டார் ஒருவர். அந்த வரியைத்தான் அவர்கள் நம்பினார்கள். கத்ரின் எனக்கு எதிர்க் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பதவி இறக்கம். எங்களோடு வரமாட்டாள். குழுவுக்கு இப்போது நான் தலைவி. அவளுடைய அலுமாரிச் சாவியை அவளே கொண்டுவந்து என் கையில் தந்தாள். மே இருபத்தெட்டு புறப்படுகிறோம்.

இனி நீங்கள் எங்கேயும் வர வேண்டாம், எவருக்கும் எழுதவும் வேண்டாம். கவனமாக வாசியுங்கள். விசாரணையில் நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் என் கதை முடிந்தது. உங்களுக்கு இப்போது உண்மை சொல்ல ஆசை வரும். வரக் கூடாது. அந்தக் கடிதத்தை எழுதியது நான். கோயில் பாதர் கேட்டாலும், இராசலிங்கம் அண்ணை கேட்டாலும், வேறு எவர் கேட்டாலும் மெலனிதான் எழுதினாள் என்று சொல்ல வேண்டும். உங்களுக்காக நான் செய்ததற்கு நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

படி இறங்கும்போது கைபிடியைப் பிடியுங்கள்.

மெலனி


கொலோன்
8 ஜூன்

என் பிள்ளைக்கு,

நீ போயிருக்கும் இடத்தில் கடவுள் உன் தலைமாட்டில் நிற்கட்டும். இராணுவத் தபால் விலாசத்துக்குத்தான் இதைப் போடுகிறேன், கைக்குக் கிடைக்கிறதோ தெரியாது. அங்கே வெக்கை என்று செய்தியில் சொல்கிறார்கள். காயக்காரர் நிறைய வருகிறார்களா? பயமாக இருக்கிறதா?

பிரஜாவுரிமைப் பத்திரம் தந்தார்கள். மண்டபத்தில் பாட்டுப் பாடினார்கள். மேயரின் ஆள் கை கொடுத்து, ஒரு பூவும் அரசியல் சட்டப் புத்தகமும் தந்தார். இன்னும் உறையைப் பிரிக்கவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. கத்ரின். மெலிந்து போயிருந்தாள். உள்ளே வா என்றேன், இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றாள். எனக்கு விளங்கட்டும் என்று சொல் சொல்லாக, நிறுத்தி நிறுத்தி ஜேர்மனில் கதைத்தாள்.

"திருமதி அலோசியஸ், அந்தக் கடிதத்தின் ஜேர்மன் பழைய காலத்து ஜேர்மன். மெலனி அப்படி எழுதமாட்டாள். ஐந்து வருடம் அவளுடைய அறிக்கையெல்லாம் வாசித்தவள் நான். யாருக்கும் சொல்லமாட்டேன். வேலையும் எனக்குத் திரும்ப வேண்டாம். எனக்குத் தெரிந்தால் போதும். அதை மெலனிதான் எழுதினாளா?"

மகள், உண்மை என் வாய்வரை வந்துவிட்டது. அவள் காலில் விழலாம் போல இருந்தது. நீ எழுதிய கடிதம் மேசையில்தான் கிடந்தது. அதைப் பார்த்தேன். "ஓம், மெலனிதான் எழுதினவள்" என்றேன். "என்னட்டச் சொல்லிப் போட்டுத்தான் எழுதினவள்" என்றும் சொன்னேன், அவள் இன்னும் நம்பாதவள் போல நின்றதால்.

பிறகு எனக்கு நன்றி சொன்னாள். முகாமில் எல்லோரும் உன்னைக் காறித் துப்பியபோதும், "மெலனி அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை" என்று தான் மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். தன் தாயோடும் அதற்காகச் சண்டை பிடித்தாளாம். இனிச் சொல்லமாட்டாளாம்.

பத்து நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நீ சொன்னபடி செய்துவிட்டேன் பிள்ளை.

அம்மா